உப்பு வரி அற்பத் தொகையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த உப்புச் சத்தியாகிரகக் கட்டுரை, உப்பு வரியைத் 'தலைக்கு ஆண்டுக்குச் சில அணாக்களே ஆன அற்பத் தொகை' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. அன்று கல்கத்தாவிலும் சிம்லாவிலும் இருந்துகொண்டு கணக்குப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து விழுந்துகொண்டிருந்த 1877இல், மாகாணங்களுக்கிடையே வரியைச் சமன்செய்கிறோம் என்று சொல்லி, இங்கே மணங்கு (அன்றைய எடை அளவு) உப்புக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்ததை இரண்டரை ரூபாயாக உயர்த்தினார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. 1923இல் சட்டசபை மறுத்த பிறகும் வைஸ்ராய் ரீடிங் தம் தனி அதிகாரத்தைக் கொண்டு ஒன்றேகால் ரூபாய் வரியை இரட்டிப்பாக்கினார். அற்பத் தொகைக்கு எதற்கு ஐயா இத்தனை பிடிவாதம்?

மாதம் 21,000 ரூபாய் சம்பளம் வாங்கிய வைஸ்ராயையும், கூழுக்குத் தொட்டுக்கொள்ள உப்புக்கல்லைத் தவிர வேறெதுவும் இல்லாதவனையும் சேர்த்துக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் எந்த வரியும் அற்பமாகிவிடும். நான் அகத்தியம்பள்ளி உப்பளப் பாத்திகளில் வளர்ந்தவன். வெயிலில் சதுப்பு காய்ந்து தானாகப் பூத்த உப்பைக் கொட்டாங்கச்சியால் சுரண்டி மடியில் கட்டிக்கொண்டு வந்த என் அப்பாயியை, அப்போது சிறுமி, உப்பு இலாகா சேவகன் வழிமறித்து, மடியை அவிழ்க்கச் சொல்லி, அவ்வளவையும் சேற்றில் கொட்டி மிதித்தானாம். அதை எத்தனை அணா என்று கட்டுரையாளர் கணக்கிடுவார்?

தண்டிக்கு நான்கு பக்கம், வேதாரண்யத்துக்கு ஒரு வாக்கியம் என்பது தங்கள் இதழில் பழகிப்போன பங்கீடு. ராஜாஜியுடன் 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்ட தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டியும், வழிநெடுகச் சோறு போட்ட ஊர்களில் ஒன்றின் பெயரைக்கூட அந்த ஒரு வாக்கியத்தில் காணோம். இதைப் பற்றி முன்பும் எழுதினேன். தங்களுக்கு இடநெருக்கடி இருந்திருக்கும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையுடன் வந்த வரைபடத்தில் வேதாரண்யம் நாகப்பட்டினத்துக்கு வடக்கே இருக்கிறது. அடுத்த இதழில் அதைத் தெற்கே நகர்த்தி வைத்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
வேதாரண்யம்.