என் ஃபிரேமை உடைத்துத் தாருங்கள்: மதுரை வட்டார மெக்கானிக்கல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக்குகளில் மெக்கானிக்கல் துறையை நடத்திவரும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

போன ஆவணியில் உங்களில் ஒருவருடைய கல்லூரி வாசலில், தோளில் ஒரு சைக்கிள் ஃபிரேமை மாட்டிக்கொண்டு நின்றேன். சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, சீட் இல்லை. பச்சைப் பெயிண்ட் அடித்த வெறும் எலும்புக்கூடு. வாட்ச்மேன் அண்ணன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மிச்சத்த எங்க வச்சுட்டு வந்தீக?" என்றார். உள்ளே என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள்: லெட்டர்ஹெட் உண்டா, பர்சேஸ் ஆர்டர் உண்டா, டர்ன்ஓவர் எவ்வளவு? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. துணி போர்த்தி நின்ற மெஷின்களைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். நான் எதற்கு வந்தேன் என்பதை எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. நான் கட்டிய சைக்கிள் ஃபிரேம்களை உங்கள் லேபில் உடையும்வரை சோதித்துப் பார்க்க வேண்டும்; அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் பதினொரு வருஷம் திருச்சிப் பக்கம் பாய்லர் குழாய்களுக்கு ஆர்கான் வெல்டிங் அடித்தேன். ஊர் திரும்பி நாகமலை அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஆளுக்கு ஏற்ற அளவில் சைக்கிள் ஃபிரேம் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். "ஃபிரேம்தான் கடையில கிடைக்குதே, அதை எதுக்குக் கட்டணும்?" என்று என் மாமனாரே இன்னும் கேட்கிறார்.

கம்பெனிகள் ஒரு மாடலை மூன்று நான்கு அளவில் செய்கின்றன. பழைய ரோட்ஸ்டர் என்றால் பெரும்பாலும் 22 இஞ்ச், 24 இஞ்ச்தான். நடுத்தர உடம்புகளுக்கு அது போதும். என்னிடம் வருகிறவர்கள் அந்த அளவுகளுக்கு வெளியே நிற்பவர்கள். நாலடி பத்தங்குல டீச்சர் ஒருவர். கடையில் உள்ள எந்த சைக்கிளிலும் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க முதுகை வளைக்க வேண்டியிருக்கிறது. போலியோவில் ஒரு கால் குட்டையான அண்ணன் ஒருவர். மாட்டுத்தாவணியில் சைக்கிளில் டீ விற்கும் மாமா ஒருவர்; பின்னால் டீ கேன், பக்கவாட்டில் தண்ணீர் வாளி, எல்லாம் சேர்ந்து 40 கிலோ வரும். அவர் இறங்கி நின்றாலே முன்சக்கரம் எழும்பப் பார்க்கிறது. பாரம் அச்சுக்குப் பின்னால் தொங்குவதுதான் காரணம். பின்சக்கரத்தை ஆறு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி ஃபிரேமை நீட்டினால் பாரம் அச்சுக்கு முன்னால் வந்துவிடும். ஒருவருக்காக எந்த ஃபாக்டரியும் இதைச் செய்யாது.

வேலை இப்படி: ஆளை அளந்து, காகிதத்தில் முழு அளவில் வரைந்து, குழாய் முனைகளை ஒன்றின் வளைவில் ஒன்று ஒளி புகாமல் உட்காரும்வரை அரைவட்ட அரத்தால் குடைந்து, குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் பூட்டிப் பற்றவைக்க வேண்டும். நல்ல குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய் 28.6, 31.8 மில்லிமீட்டர் விட்டத்தில் வருகிறது. முனைகளில் 0.8 மில்லிமீட்டர் கனம், நடுவில் 0.5. நகத்தின் கனம்தான். மூட்டு விழும் இடத்தில் தடிப்பு, மற்ற இடத்தில் எடை குறைப்பு. பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைத்தால் சுமார் 900 டிகிரி சூடு வேண்டும். வெள்ளிப் பற்றாசு 650-க்குப் பக்கத்திலேயே ஓடிவிடும். இதை நான் வெல்டிங் பட்டறையில் கற்கவில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் நகை செய்யும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நாற்பது சாயங்காலம் உட்கார்ந்து கற்றேன். "பற்றாசு சூட்டுக்குப் பின்னாலேயே ஓடும் தம்பி, கம்பியால தள்ளாதே" என்பார். பற்றாசு ஓடுவதற்காகப் பூசும் வெங்காரம் கண்ணாடி மாதிரித் தெளிகிற கணத்தை அவர் கண்ணால் பார்த்துச் சொல்வார். எனக்கு அது பிடிபட ஆறு மாதம் ஆனது.

(குழாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கொடுக்கிறேன். சைக்கிளுக்கோ 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். விற்பனை 40 லட்சத்தைத் தொடாததால் ஜிஎஸ்டி பதிவு எடுக்காத எனக்கு, கொடுத்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அதை வேறு மடலில் வேறு ஆட்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.)

இப்போது அந்தப் பச்சை ஃபிரேம். எனக்காக நானே கட்டியது. அதில் ஏறிச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினேன். 1,400 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுவும்போது, ஹேண்டில் குழாய்க்குக் கீழே, அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் சாய்குழாயின் அடிப்பக்கத்தில், பெயிண்ட்டில் முடி போல ஒரு துருக்கோடு. பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு, பாய்லர் வேலையில் செய்வது போல, விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பவுடர் தெளித்தேன். அரை நிமிஷத்தில் சிவப்பாக ஒரு கோடு மேலே வந்தது. விரிசல்.

ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு அந்த மூட்டுப் பகுதியை அறுத்துப் பார்த்தேன். நீளம் சரிசெய்யும்போது தடித்த முனையை அளவுக்கு மீறி வெட்டியிருக்கிறேன். மூட்டுக்குப் பின்னால் போதிய தடிப்பு மிச்சமில்லாமல், குழாய் 0.5-க்கு மெலிகிற இடம் வெப்பம் பட்ட வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முழுக்க என் தப்பு. அன்றைக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்த நாலு பேருடைய வேலையையும் நிறுத்தினேன். இன்றுவரை எந்த ஃபிரேமும் பட்டறையை விட்டு வெளியே போகவில்லை.

சாயம் அடித்தால் விழுந்த விரிசல் தெரியும். விழப்போகும் விரிசல் தெரியாது. அதற்குத் திரும்பத் திரும்ப விசை கொடுத்து ஃபிரேமைச் சோர வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 4210 என்ற சைக்கிள் பாதுகாப்புத் தரத்தில் வழி இருக்கிறது. சாதாரண நகர சைக்கிளுக்கு, வலது பெடலிலும் இடது பெடலிலும் மாறி மாறி 1,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 100 கிலோ ஆள் எழுந்து நின்று மிதிக்கிற விசை, ஒவ்வொரு பெடலுக்கும் 1,00,000 முறை கொடுக்க வேண்டும். முன் அச்சை முன்னும் பின்னும் தள்ளி இழுப்பது தனிச் சோதனை. 22.5 கிலோ எடையை 180 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து முன்பக்கத்தில் விழவிடுவது இன்னொன்று.

யுடிஎம் மெஷின் இதற்குப் பத்தாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், அது ஒரே இழுப்பில் உடைக்கிற மெஷின். மூட்டுத் துண்டுகளை இழுத்துப் பார்க்க மட்டும் அது போதும். லட்சம் முறை மிதிக்க உங்கள் நியூமேட்டிக்ஸ் (காற்றழுத்த) லேபில் இருக்கிற சிலிண்டர் இரண்டு, வால்வு, ஒரு கவுண்டர் இருந்தால் ஆகும். சிலிண்டர் மட்டும் அந்த விசை தரும் அளவில் இருக்க வேண்டும். இரண்டு பெடலுக்கும் சேர்த்து நொடிக்கு இரண்டு மிதி என்று வைத்தால் சுமார் 28 மணி நேரம். சாயங்காலம் ஓட விட்டால் மறுநாள் ராத்திரி முடிந்திருக்கும். ஃபிரேமைப் பூட்டும் ஸ்டாண்டை சேனல் இரும்பில் நானே செய்து கொண்டுவருவேன். ராத்திரி பக்கத்தில் ஆள் வேண்டுமென்றால் நானே உட்காருவேன்.

உடைத்த ஃபிரேமை விற்க முடியாது, ஒவ்வொன்றும் வேறு அளவு, பிறகு சோதித்து என்ன பயன் என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். என் பக்கத்து லேத்காரரும் இதையேதான் கேட்டார். நான் சோதிக்க நினைப்பது என் கையை. ஒரே குழாய், ஒரே பற்றாசு, ஒரே மூட்டு முறை. அதில் மிகக் குட்டையானது ஒன்று, டீக்கார மாமாவுக்கான நீளமானது ஒன்று, நடுவாந்திரம் ஒன்று என மூன்று கட்டி வைத்திருக்கிறேன். மூன்றும் உடைவதற்கென்றே கட்டியவை. லட்சம் தாண்டினால் இன்னும் ஓடவிட்டு எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். தாண்டாவிட்டால் முறையை மாற்றுவேன்.

சான்றிதழ் கேட்கவில்லை. உங்கள் கல்லூரிப் பெயரை என் போர்டில் போட மாட்டேன். கட்டணம் சொல்லுங்கள், தவணையாகத் தந்துவிடுகிறேன். "புராஜெக்ட் செய்து தரப்படும்" என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே போகும் இறுதியாண்டுப் பிள்ளைகள் நாலு பேரை என்னிடம் அனுப்புங்கள். குழாய் எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் எங்கே ஒட்டவேண்டும் என்பதில் அவர்களோடு சண்டை போட ஆசையாக இருக்கிறது. கணினியில் அவர்கள் போடும் கணக்கு ஓர் இடத்தைக் காட்டும், ஃபிரேம் வேறோர் இடத்தில் விரியும். ஏன் என்று அவர்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். முடிவு எதுவானாலும், மூன்றும் பத்தாயிரத்திலேயே உடைந்தாலும், அதை அப்படியே என் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுவேன்.

டீக்கார மாமா வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் வருகிறார். "என்னப்பா, ரெடியா?" என்பார். "இன்னும் உடைக்கல மாமா" என்பேன். விளக்கிச் சொல்லியும் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவில்லை.

செமஸ்டர் லீவில் லேப் சும்மா இருக்கும் நாள் எதுவானாலும் சொல்லுங்கள். ஷேர் ஆட்டோவில் ஃபிரேம்களை நானே கொண்டுவருகிறேன். உடைந்த துண்டுகளை எடுத்துப்போகவும் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
நாகமலை அடிவாரத்து ஃபிரேம் பட்டறைக்காரன்