முதலில் வண்டிகள், பிறகு புதிய பாதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டின் நிதிநிலை நெருக்கடியாக இருக்கும் வேளையில், கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயில் திட்டத்தை மீண்டும் தொடங்குவது பற்றிப் பேசப்படுவது கவலையளிக்கிறது. அத்திட்டம் 2021 ஜனவரி 1ஆம் தேதி கைவிடப்பட்டபோது, சிங்கப்பூருக்கு நாம் 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது.

வடக்கே, ஈப்போவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்மய இரட்டைப் பாதை போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டது. அதில் ஓடப் போதிய புறநகர் வண்டிகள்தாம் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தில், மாலை வேலை முடிந்து வரும் தொழிற்சாலைப் பெண்கள் அடுத்த வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்குச் சில வெள்ளி போட்டு வாடகைக் கார் பிடிப்பதை அடிக்கடி காண்கிறேன். பாதையும் மின்கம்பியும் நிலையங்களும் ஏற்கெனவே இருப்பதால், கூடுதல் வண்டிகளுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கும் பணம் விரைவிலேயே பயன் தரும்; புதிய பாதைக்கோ நிலம் கையகப்படுத்துவதிலேயே ஆண்டுகள் கழிந்துவிடும்.

பணி தொடங்கிவிட்ட கிழக்குக் கரை இரயிலையும் பினாங்கு இலகு இரயிலையும் நிறுத்தச் சொல்லவில்லை, பாதியில் விட்டால் நட்டம்தான் கூடும். அவற்றுக்கு அடுத்தபடியாக, வட மாநிலங்களுக்கான புதிய வண்டிகளுக்கு வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே போக்குவரத்து அமைச்சு நிதி கேட்க வேண்டும்.

வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு