திங்கட்கிழமை லேபுக்குப் போவதற்கு முன்

அன்புள்ள முத்து,

நேற்று ராத்திரி போனில் நீ தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். கேலி இல்லை, எய்யா. எனக்கும் அதேதான். எத்தனையோ வருஷமாக இது என்னோடு இருக்கிறது. ஹாலில் அம்மாவும் உன் அத்தையும் இருந்ததால் விரிவாகப் பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அடிக்கலாம் என்றால், விரல் தவறிக் குடும்ப குரூப்பில் விழுந்துவிட்டால் விடிவதற்குள் தென்காசி வரை போய்விடும். அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் கையில் கிடைத்துவிடும்.

வேலைக்கான மெடிக்கலுக்குப் போய், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து, அடிவயிறு கல்லாக இறுகியும் அந்த டப்பாவில் ஒரு சொட்டு சிறுநீர் விழவில்லை என்றாய். வெளியே நின்றவர் கதவைத் தட்டி "சார், ஆச்சா?" என்று கேட்டதும் வர இருந்ததும் நின்றுபோனது, திங்கட்கிழமை மறுபடி லேபுக்குப் போக வேண்டும் என்றாய். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தாராளமாகப் போயிற்று என்றும் சொன்னாய். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். வீட்டில் தனியாக இருக்கும்போதும் தடைப்பட்டாலோ, மெல்லிசாக, எரிச்சலோடு வந்தாலோ அது வேறு கேஸ், சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும். உனக்கு அப்படி இல்லை. குழாயில் கோளாறில்லை.

அப்படியானால் ஏன் வரவில்லை? சிறுநீர்ப்பைக்கு இரண்டு கதவு என்று வைத்துக்கொள். வெளிக்கதவு நாம் சொன்னபடி கேட்கும், சின்னப் பிள்ளையில் பழகியது. உள்கதவு நம் பேச்சைக் கேட்காது, தானியங்கி நரம்புகளின் கையில் இருக்கிறது. ஆபத்து என்று உடம்பு நினைத்துவிட்டால் அந்த நரம்புகள் உள்கதவை இறுக்கி, பையின் தசையைத் தளர்த்திவிடும். தசை சுருங்கினால்தானே தள்ளும்? வெளிக்கதவும் பயத்தில் தானாக இறுகிக்கொள்ளும். நீ முக்கினால் இடுப்படித் தசைகள் இன்னும் இறுகும். "போயே தீரணும்" என்று நினைக்க நினைக்க வராமல் போவது இதனால்தான். பயந்தால் ஒண்ணுக்குப் போய்விடுவான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். நம் இரண்டு பேருக்கும் பயந்தால் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஆங்கிலத்தில் 'பாருரீசிஸ்' என்கிறார்கள். 1954-ல் வில்லியம்ஸ், டெகன்ஹார்ட் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிய கட்டுரையில் வைத்த பெயர். அவர்கள் கேட்டவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் போல, எப்போதாவது ஒரு தடவையாவது தங்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறது என்று சொன்னார்கள். இன்றைக்கு மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் கையேட்டில் இது சமூகப் பதற்றம் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. மேடையில் பேச நாக்கு ஒட்டிக்கொள்வதும் அதே தலைப்பில்தான். மேடைப் பயத்தை ஆபீசில் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறார்கள், இதைச் சொல்ல வாய் வருவதில்லை.

இன்னொரு வேடிக்கை கேள். 1976-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கழிவறையில் ஆராய்ச்சி செய்தார்கள். பக்கத்துத் தடுப்பறையில் புத்தக அடுக்குக்குள் பெரிஸ்கோப், அதாவது மறைந்திருந்து பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை ஒளித்து வைத்து, ஆண்களுக்குச் சிறுநீர் வர எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்தார்கள். இன்றைக்கு யாரும் இதற்கு அனுமதி கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அருகில் ஆள் இல்லாதபோது சராசரியாக 4.9 வினாடியில் வந்தது, ஒட்டினாற்போல் ஒருவர் நின்றபோது 8.4 வினாடி ஆனது. அவர்கள் எந்த வியாதியும் இல்லாத சாதாரண ஆட்கள். ஆக, எல்லாருக்கும் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. நமக்கு அந்தத் தயக்கம் நீண்டுகொண்டே போகிறது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பையன்கள் பின்சுவரோரம் வரிசையாக நிற்போம், யாருக்கு உயரமாக அடிக்கிறது என்று போட்டி. ஒருநாள் எனக்கு வரவில்லை. பெரிய பையன் ஒருத்தன் அதை வைத்து ஒரு பட்டப்பெயர் கட்டினான், அந்த வருஷம் முழுக்க ஓடியது. அப்புறம் மெடிக்கல் ரெப் வேலை. வேலைக்கும் வியாதிக்கும் அப்படி ஒரு பொருத்தம்! திருநெல்வேலி, கோவில்பட்டி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று தினமும் பஸ். பஸ் ஸ்டாண்டில் கதவில்லாத வரிசை, பின்னால் அவசரத்தோடு நிற்கும் கூட்டம். கதவு உள்ள கட்டணக் கழிப்பிடம் என்றால் சில்லறையைக் கொடுத்து உள்ளே போவேன். யாராவது தட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எந்த ஊரில் எந்த லாட்ஜ் மேனேஜர் ஏன் என்று கேட்காமல் சாவி கொடுப்பார், எந்தக் கோயில் மண்டபத்துக் கழிவறை பதினோரு மணிக்குக் காலியாக இருக்கும் என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். பஸ்ஸைவிட ரயிலை விரும்பியது டிக்கெட் விலைக்காக என்று உன் அம்மா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். ரயிலில் தாழ்ப்பாள் உண்டு, தடதட சத்தத்தில் நம் சத்தம் யாருக்கும் கேட்காது. சினிமாவில் இடைவேளை விடும்வரை காத்திருக்க மாட்டேன். அதற்கு முந்தின பாட்டுக்கு எழுந்து போய்விடுவேன். நல்ல பாட்டு நிறைய எனக்குப் பாதிதான் தெரியும்.

இந்த உபாயங்களால் நாள் ஓடும். ஆனால் உன் வாழ்க்கையை இப்படியே கழிவறைக் கணக்கில் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்ற வழி இருக்கிறது. மாத்திரை அல்ல. புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கிற மாத்திரையை நானே பை பையாகச் சுமந்து விற்றிருக்கிறேன், அது பயத்தைத் தொடாது. படிப்படியாகப் பழக்குவதுதான் வழி. நம்பிக்கையான ஒருத்தர் வேண்டும். உன் அறைத் தோழன் போதும். நிறையத் தண்ணீர் குடித்து, நல்ல அவசரம் வந்த பிறகு, அவன் ஹாலில் டிவி பார்க்கட்டும், நீ கதவைச் சாத்திப் போ. சில வினாடி வந்ததும் பாதியில் நிறுத்து. கொஞ்ச நேரம் கழித்து அவன் நாலடி கிட்டே வரட்டும், மறுபடி போ. வரவில்லையா? அவன் இரண்டடி பின்னால் போகட்டும். கதவுக்கு வெளியே அவன் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் வருகிற நிலை வந்தபின் ஏதாவது மாலில் ஆளில்லாத நேரம், அப்புறம் ஆள் உள்ள நேரம். கேட்க அசிங்கமாக இருக்கும். நண்பனிடம் முதல் தடவை சொல்வதுதான் இதில் ஆகக் கஷ்டமான படி என்பது என் எண்ணம். தனியாக முடியாவிட்டால், நடத்தைச் சிகிச்சை தெரிந்த மனநல ஆலோசகர் இதையே ஒழுங்காகச் செய்து தருவார். நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் இதைத் தொடங்கினேன். கூட்டாளி யார் தெரியுமா? உன் சுப்பு மாமா. இப்போது கல்யாண மண்டபத்தில் பக்கத்து அறையில் ஆள் இருந்தாலும் போய்விடுகிறேன். திறந்த வரிசையில் இன்னும் முடியவில்லை.

மூச்சடக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. உள்ளிருக்கும் மூச்சில் முக்கால்வாசியை வெளியே விட்டுவிட்டு அப்படியே அடக்கி நிற்க வேண்டும். முக்கால் நிமிஷம் போல ஆனதும் இடுப்படி தளர்ந்து விழும், வரும் என்கிறார்கள். சிலருக்கு வருகிறது, சிலருக்குப் பதற்றம் கூடுகிறது. வீட்டில் நன்றாகப் பழகாமல் வெளியே முயலாதே. எனக்கு பிரஷர் மாத்திரை இருப்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தண்ணீரைக் குறைக்கிற வேலை மட்டும் வேண்டாம். வெளியே போகிற நாளில் காலையிலிருந்து ஒரு டம்ளர்கூடக் குடிக்காத ரெப் ஒருத்தர் என் டீமில் இருந்தார். நம் ஊர் வெயில் என்ன வெயில்! கல் வந்து சுருண்டு விழுந்தார். அதேபோல, மணிக்கணக்காக அடக்கி வலி தாங்க முடியாமல் போய், வீட்டுக்கு வந்தும் வரவில்லை என்றால் கூச்சப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு சின்ன டியூப் வைத்தால் நிமிஷத்தில் இறங்கிவிடும்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். அமெரிக்காவில் லாரி டிரைவர், பைலட் போன்றவர்களுக்குப் போதைப்பொருள் சோதனை எடுக்கும்போது, முதலில் வரவில்லை என்றால் மூன்று மணி நேரம் வரை தருவார்கள், அதற்குள் 1.2 லிட்டர் போலத் தண்ணீர் குடிக்கலாம், 45 மில்லி கொடுத்தால் போதும். விதியே அப்படி எழுதியிருக்கிறார்கள். நீயும் அந்த அளவோடு நிறுத்து. மடக் மடக்கென்று அதற்கு மேல் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம் வரும், சாம்பிளும் நீர்த்துப்போகும்.

வெள்ளிக்கிழமையே லேபுக்கு போன் செய். "எனக்கு ஆள் பக்கத்தில் இருந்தால் சிறுநீர் வராது, இது தெரிந்த பிரச்சினைதான், தாழ்ப்பாள் உள்ள அறையும் அரை மணி நேரமும் வேண்டும், யாரும் தட்ட வேண்டாம்" என்று சொல். சர்க்கரை, தொற்று பார்க்கிற சாதாரணச் சோதனை என்றால் அவர்கள் தரும் டப்பாவில் வீட்டிலேயே எடுத்து உடனே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேள், பல இடத்தில் சரி என்பார்கள். போதைப்பொருள் சோதனையென்றால் விட மாட்டார்கள். அப்போது கம்பெனி எச்.ஆரிடம் ரத்தம், எச்சில், முடி ஏதாவது ஒன்றில் பார்க்க வழி உண்டா என்று கேட்டு மெயில் போடு. முன்கூட்டியே எழுத்தில் இருந்தால், வராமல் போனாலும் தர மறுத்தான் என்று யாரும் எழுத முடியாது.

லேபில் பேசியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, நான் மாடிக்குப் போய்க் கூப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்வதா என்பதை நீயே முடிவு செய். சொல்வதானால் என் ரயில் விஷயத்தை மட்டும் விட்டுவிடு.

அன்புடன்,
அப்பா