கார்னூஸ்டி 18: மூன்றாவது ஷாட்

அன்பு நண்பா,

முழங்கால் தேறி வருகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இன்னும் சில வாரம் வீட்டோடுதான் என்றால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த 1999 பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார். பிரெஞ்சு வீரர் ழான் வான் டெ வெல்ட பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கும் காட்சிக்குத் தாவிவிடாதே. விஷயம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கடைசியான 18-ஆவது ஹோல், 487 கெஜம், பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது. கையில் மூன்று ஷாட் முன்னிலை, ஆறு அடித்தாலே கோப்பை. அங்கே வெகுதூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பை (மட்டையை) எடுத்ததுதான் முட்டாள்தனம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்து வலப்பக்கம் தாறுமாறாகப் போனாலும் பேரி பர்ன் ஓடைக்குள் விழாமல் 17-ஆவது ஹோல் பக்கத்து நிலத்தில், அடிக்கத் தோதான புல்லில்தான் நின்றது. குழி இருக்கும் புல்தரையான கிரீனுக்கு 185 கெஜம் சொச்சம்.

இரண்டாவது ஷாட்டுக்கு, நீளமாக அடிக்கும் 2-அயர்ன் கிளப். குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் கிளப்பால் ஓடைக்கு இப்பால் தட்டி வைத்திருக்கலாம், வாஸ்தவம். ஆனால் இடப்பக்கம் எல்லைக்கு வெளியே. அதனால் வலப்பக்கம் குறி வைத்தார். அங்கே பார்வையாளர் மேடை. பந்து மேடைக்குள் போய்த் தங்கியிருந்தால் தற்காலிகத் தடை என்று அபராதமே இல்லாமல் பந்தை வெளியே கையால் போட்டு (டிராப்) ஆடியிருக்கலாம். அது கம்பியில் பட்டு, ஓடையின் கல்சுவரில் மோதி, ஓடையைத் தாண்டி இந்தப் பக்கமே திரும்பி வந்து முழங்கால் உயரப் புல்லில் விழுந்தது. ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் கதையே வேறு.

இந்த இடத்தில் படத்தை நிறுத்து. அடித்தது இரண்டு. இடப்பக்கம் ஒட்ட வெட்டிய புல்வெளியான ஃபேர்வேக்குத் தட்டினால் மூன்று, வெட்ஜால் கிரீனுக்கு நான்கு, குழிக்கு உருட்டித் தள்ளும் புட் இரண்டு, ஆக ஆறு. கோப்பை அவருக்கு. அவரோ ஓடையைத் தாண்டி நேரே கிரீனுக்கு அடித்தார். அத்தனை அடர்ந்த ரஃப்பில் (வளர்ந்த புல்லில்) புல் முதலில் கிளப்பின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும், பந்தை அடிக்கும் முகம் மூடிக்கொள்ளும். பந்துக்கும் முகத்துக்கும் நடுவே புல் சிக்குவதால் வேகமும் செத்துவிடும். அங்கே செய்யக்கூடியது, அதிகச் சாய்வுள்ள வெட்ஜை முகம் சற்றுத் திறந்து இறுகப் பிடித்து, செங்குத்தாக இறக்கி, பக்கத்து ஃபேர்வேக்கு வெளியேற்றுவது மட்டும்தான். அதுவும் நிச்சயமில்லை, ஆனால் தவறினாலும் தண்ணீரில் விழாது. அவர் பந்து ஓடையில்தான் விழுந்தது.

பிறகு நடந்தது தெரிந்ததே: ஓர் அபராதம், டிராப், ஐந்தாவது ஷாட் பங்க்கர் என்ற மணல் பள்ளத்தில். கூட ஆடிய கிரெய்க் பேரியின் பந்தும் அதே பங்க்கரில் கிடந்தது. அவர் அங்கிருந்து நேரே குழிக்குள் போட்டார்! வான் டெ வெல்ட ஆறாவதில் வெளியே எடுத்து, ஏறக்குறைய ஏழடி புட்டைப் போட்டு ஏழில் முடித்தார். அந்தப் புட் தவறியிருந்தால், சமநிலையில் முடித்தவர்களுக்குள் நடக்கும் பிளேஆஃபே அவருக்கு இல்லை. அதை யாரும் பாராட்டுவதில்லை.

இன்னொரு போட்டியாளரான ஜஸ்டின் லெனார்டும் அன்று 18-இல் அதே ஓடையில்தான் ஒரு ஷாட்டை இழந்தார், கவனித்தாயா? பத்து ஷாட் பின்தங்கி அன்றைய ஆட்டத்தைத் தொடங்கிய பால் லாரி 67 அடித்து முடித்துவிட்டுக் காத்திருந்தவர். மூவருக்கும் 290, பாருக்கு ஆறு அதிகம். நான்கு ஹோல் பிளேஆஃபில் 17, 18 இரண்டிலும் லாரிக்கு பேர்டி, அதாவது பாருக்கு ஒன்று குறைவு. கடைசி ஹோலில் அவர் 4-அயர்னால் பந்தைக் குழிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்ததைத் தனியாக ஒரு தடவை பார். பரிசு தானாக மடியில் விழவில்லை, அடித்து வாங்கினார்.

மூன்றாவது ஷாட்டுக்கு நீயாக இருந்தால் எந்தக் கிளப்பை எடுத்திருப்பாய்? பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்