வைனுக்குள் ஓடும் கடிகாரங்கள்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம்.

விண்டோஸில் சீராக ஓடிய புரோகிராம், விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைனில் திணறுகிறது, சிபியு மட்டும் ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். டைமர் துல்லியம் போதவில்லை என்பது உன் சந்தேகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மாதிரிக் கோளாறில் பெரும்பாலும் லினக்ஸ் மிகத் துல்லியமாக எழுப்பிவிடுவதுதான் வினை.

இன்னும் நுண்மையாக வேண்டும் என்று யாரும் கேட்காதவரை விண்டோஸின் டிக், அதாவது கடிகாரத் துடிப்பு, 15.625 மில்லி விநாடிக்கு ஒன்று, அதாவது விநாடிக்கு 64. 1 மில்லி விநாடி தூங்கு என்று ஸ்லீப்(1) எழுதினாலும் அங்கே கிடைப்பது அநேகமாக 15 மில்லி விநாடித் தூக்கம். வைனில் அதே அழைப்பு லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் போகும்போது 1 மில்லி விநாடியோடு, டைமர் ஸ்லாக் என்ற 50 மைக்ரோ விநாடித் தாமதச் சலுகை மட்டும் சேரும். விநாடிக்கு 64 முறை எட்டிப்பார்த்த லூப், 900 முறைக்கு மேல் எட்டிப்பார்க்கிறது. சிபியு ஏறாமல் என்ன செய்யும்? டிக்கை நுண்மையாக்கக் கேட்கும் டைம்பிகின்பீரியட் அழைப்பை எடுத்துவிட்டாலும் வைனில் எதுவும் மாறாது. அது எப்போதும் நுண்மையான டைமரில்தான் இருக்கிறது. மூலநிரல் உன் கையில் இருப்பதால் அந்த ஸ்லீப் லூப்பை அகற்றிவிட்டு வேலை வந்ததும் எழுப்பும் ஈவென்ட் ஒன்றின் மேல் காத்திருக்க வை. அதுதான் சரியான மருந்து.

திணறலுக்கு வேறு காரணம் இருக்கலாம். கணினி தொடங்கி எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று கெட்டிக்கவுன்ட் தரும் எண்ணை, வைனின் பின்னணிப் புரோகிராமான வைன்சர்வர் ஒரு பகிர்வு நினைவகப் பக்கத்தில் சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. திரையில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அதைக் கொண்டு கணக்கிட்டால் 0, 0, 16 என்று வரும். 0-ஆல் வகுக்கும் இடம் இருந்தால் புரோகிராமே விழும். அந்த 32 பிட் எண் 49.7 நாளில் சுழன்று 0-க்கு வரும் என்பதையும் மறக்காதே. ஃபிரேமுக்கு கியூபிசி-யை (நுண்மையான நேரம் தரும் குவெரிபெர்ஃபார்மன்ஸ்கவுன்டர் அழைப்பை) பயன்படுத்து.

அதிலும் ஒரு பொறி உண்டு. வைனில் கியூபிசி விநாடிக்கு 1 கோடி எண்ணும். மைக்ரோ விநாடியாக்க முதலில் 10 லட்சத்தால் பெருக்கினால், கணினி தொடங்கி 10.7 நாளில் 64 பிட் எண்ணே நிரம்பி எதிர்மறையாகிவிடும். முழு விநாடிகளை வகுத்துப் பிரித்துவிட்டு மீதியை மட்டும் பெருக்கு. நீண்ட நாள் அணைக்காத கணினியில் மட்டும் வரும் பிழை என்பதால் சோதனையில் சிக்கவே சிக்காது.

கியூபிசி அழைப்பே மெதுவாக இருந்தால் கெர்னல் எந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்துகிறது என்று சொல்லும் கரண்ட்_கிளாக்சோர்ஸ் கோப்பைத் திறந்து பார். சிபியு-வுக்குள்ளேயே இருக்கும் எண்ணியான டிஎஸ்சி என்றிருந்தால் நல்லது. ஹெச்பெட் அல்லது ஏசிபிஐ_பிஎம் என்றிருந்தால், நேரம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய் ஒரு மெதுவான சிப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. கணினி தொடங்கும்போது எழுதப்படும் பூட் பதிவில் டிஎஸ்சி நிலையற்றது என்ற வரியைத் தேடு, பயாஸைப் புதுப்பி. டிஎஸ்சி=ரிலையபிள் என்ற பூட் அமைப்பால் கெர்னலை அதை நம்பக் கட்டாயப்படுத்துவதைக் கடைசிவரை தள்ளிப்போடு; சிபியு-வின் கோர்களுக்கிடையே எண்ணிகளில் உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் நேரம் பின்னோக்கி ஓடும்.

ஈவென்ட் போன்ற காத்திருப்பு அழைப்புகளை கெர்னலிலேயே கையாளும், லினக்ஸ் 6.14-இல் வந்த என்டிசிங்க் உதவும்; வைன்சர்வருக்குப் போய்வரும் சுற்று மிச்சமாகும். நீ வைத்திருக்கும் கெர்னல் எது, கிளாக்சோர்ஸ் கோப்பில் என்ன இருக்கிறது, இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சேகர்