வெங்காயக் கூடை பக்கம் வைக்காதே

மதுரை
ஜனவரி 21

அன்புள்ள செல்வி,

வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சில விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நானும் இதுதான் சாக்கு என்று பாதியில் விட்டுவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான் போகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகன் வைகையில் சென்னை வருகிறான். அவனிடம் ஒரு மஞ்சள் பை கொடுத்துவிடுகிறேன். உள்ளே பழைய பேப்பரில் சுற்றி நான்கு கிழங்கு இருக்கும். வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய அன்று ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்குக் கொடுத்தாயே, உருண்டையாகப் பூக்கிற மே ஃபிளவர் செடி, அதன் வாரிசுகள்.

அன்றைக்கு நீ கொடுத்தது மூன்று தொட்டி. மூன்றும் அண்ணன் கையால் வைத்தது. "நல்லா இருக்கா?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "மூணும் ஜோரா இருக்கு" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். பொய், செல்வி. வந்த வருஷமே இரண்டைச் சாகடித்துவிட்டேன்.

நீ கொடுத்தபோது பூ முடிந்து இலை தழைத்திருந்தது. ஐப்பசி மழை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில் இலை ஓரம் மஞ்சளடித்தது. பிறகு ஒவ்வொன்றாக மடங்கித் தொட்டி விளிம்பில் தொங்க ஆரம்பித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவர் வைத்த செடி என் கையில் போய்விட்டது என்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு தண்ணீர். அதோடு விட்டேனா? கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளிக்க விட்டு, அந்தக் கரைசலையும் ஊற்றினேன். மார்கழிக் குளிரில், ஒரு இலைகூட இல்லாத தொட்டியில்! தை பிறந்ததும் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் கிழங்கு கூழாகிக் கிடந்தது. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாடை போகவில்லை. மூன்றாவதும் இந்தக் கதிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தோண்டிப் பார்க்க மனசு வரவில்லை. மாடியில் சின்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்தே போனேன்.

அழகர் ஆற்றில் இறங்கி நாலைந்து நாள் இருக்கும். முந்தின ராத்திரி நல்ல கோடை மழை. காலையில் டேங்கில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போனேன். அந்தத் தொட்டியில், மூன்று மாதமாக நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத மண்ணைப் பிளந்துகொண்டு, விரல் தடிமனில் ஒரு தண்டு நிற்கிறது. அடியில் செம்புள்ளி, உச்சியில் கூப்பின கை மாதிரி மொட்டு, பேருக்குக்கூட இலை இல்லை. நான் அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு அது பூக்கிற விதம் தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் ஷேவிங் பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. நாளுக்கு நாள் ஓரப்பூக்கள் வெளியே சாய்ந்து, நான்காம் நாள் முழு உருண்டை. எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து, எண்பதைத் தாண்டியதும் கண் பூத்துப்போய் விட்டுவிட்டேன். ஒரு உருண்டையில் இருநூறு வரைகூட இருக்குமாம். ஒவ்வொரு சின்னப் பூவிலும் நூல் மாதிரி ஆறு இதழ், ஆறு மகரந்தக் காம்பு, காம்பு நுனியில் மஞ்சள் பொடி. என் மாமியார் மட்டும் அசரவில்லை. "வாசனை இல்ல, தலையில வைக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது. வருஷத்துக்கு எட்டு நாள் பூக்குறதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்றார். மல்லிகை விளைகிற ஊரில் பிறந்தவர், வேறு எப்படிப் பேசுவார்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்கா, சஹாராவுக்குத் தெற்கே. மழை ஒரு பருவம், வறட்சி ஒரு பருவம் என்று இருக்கிற சீமை. வறட்சி வருவதற்கு முன்னால் இலையில் இருக்கிற சத்தைக் கிழங்குக்குள் இழுத்துக்கொண்டு தூங்கப் போய்விடும். இலை பழுப்பது நோய் இல்லை, அது கதவைச் சாத்திக்கொள்வது. தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பி வாயில் சோற்றைத் திணித்தது நான்தான். பேர்ப் பலகையில் நர்சரிக்காரர்கள் இன்னும் ஹேமாந்தஸ் என்றே எழுதி வைக்கிறார்கள். 1976-லேயே அதைத் தனியாகப் பிரித்து ஸ்கேடாக்ஸஸ் ஆக்கிவிட்டார்களாம். நமக்கு மே ஃபிளவர் போதும். அதிலும் ஒரு வம்பு, குல்மோஹர் மரத்துக்கும் அதே பேர். போன வாரம் உன் மருமகளிடம் "மே ஃபிளவர் கொடுத்து விடுறேன்மா" என்றதற்கு, "ஆன்ட்டி, நாலாவது மாடியில மரமா?" என்று அலறிவிட்டாள். அவளிடம் சொல்லிவிடு.

இந்தப் போகிக்குத்தான் தொட்டியைக் கவிழ்த்தேன். கிழங்கு நெருக்கித் தொட்டியே விரிசல் விட்டிருந்தது. நெருக்கடி அதற்குப் பிடிக்கும் என்பதால் இத்தனை வருஷம் நான் கலைக்கவே இல்லை. தாய்க்கிழங்கு ஒன்று, குட்டிகள் ஐந்து, ஆக மொத்தம் ஆறு. மண்ணை உதறி, முறத்தில் பரப்பித் திண்ணையில் காயவைத்தேன். பக்கத்து முறத்தில் சின்ன வெங்காயம். பொங்கலுக்கு வந்திருந்த அக்கா, சாம்பாருக்கு உரிக்கிறேன் பேர்வழி என்று அரிவாள்மணையோடு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த எனக்குக் குரல் கேட்டது. "ஏண்டி, இந்த வெங்காயம் என்ன கண்ணே கரிக்க மாட்டேங்குது, கொழகொழங்குது?" ஓடிவந்து பார்த்தால் ஒரு குட்டி நான்கு துண்டாகக் கிடக்கிறது. நல்லவேளை, குழம்பில் விழவில்லை. இந்த வகைக் கிழங்குகளில் லைகோரின் என்று ஒரு நஞ்சு உண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வாட்டி எடுத்துவிடும். அக்காவுக்குக் கை மட்டும் ராத்திரி வரை அரித்தது. ஆக ஆறு ஐந்தாகி, அதில் ஒன்றை நான் வைத்துக்கொண்டு, தாயோடு மூன்று குட்டியை உனக்கு அனுப்புகிறேன். பேரன் ஓடியாடும் வீடு, எட்டாத இடத்தில் வை. சமையலறையில் வெங்காயக் கூடை பக்கம் வைக்கவே வைக்காதே.

எந்த நேரம் மாற்றி வைக்கலாம் என்றால், இப்போதுதான். இலை இல்லாமல் தூங்கும்போது எடுத்தால் அதற்குத் தெரியவே தெரியாது. தாய்க்குப் பத்து அங்குலத் தொட்டி போதும், அதைவிடப் பெரியது வாங்காதே. செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. மணலுக்குப் பதில் தேங்காய் நார்க்கழிவு போடலாம் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதே. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு என் வேலையைச் செய்துவிடும். கழுத்து மட்டும் மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி ஊன்று. அடியில் வெள்ளையாகத் தடித்த வேர் தொங்கும், காய்ந்துவிட்டது என்று நறுக்கிவிடாதே. உச்சிவெயில் விழுந்தால் பின்னால் வருகிற இலை தீய்ந்துபோகும், காலை வெயில் படுகிற மூலை இருந்தால் சரி. மே மாதம் தண்டு தலை காட்டுகிற வரை தண்ணீர் கிடையாது. மண் கட்டி தட்டிப்போனால் பத்து நாளைக்கு ஒரு தடவை கையால் தெளி, அவ்வளவுதான். இலை வந்த பிறகு வஞ்சனை இல்லாமல் ஊற்றலாம், மாதம் ஒரு பிடி எருவும் போடலாம். அந்த இலை தின்கிற சோறுதான் அடுத்த வருஷப் பூ. குட்டிகள் பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

மழைக்காலத்தில் ஒரு புழு வரும். கறுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டும் செம்புள்ளியும், பார்க்க ஜாக்கெட் துணி மாதிரி அழகாக இருக்கும். ஒரே ராத்திரியில் இலையைத் தின்றுவிட்டு நரம்பை மட்டும் வைக்கும். மூலனூரில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், போட்டிருக்கிற எங்கள் பெரியப்பா பேரன் பார்த்ததும் சொல்லிவிட்டான், "அத்தை, இது எங்க காட்டுல வர்ற புழு." செங்காந்தளைத் தின்கிற அதே அந்துப்பூச்சியின் புழு இந்த லில்லி வகைகளையும் விடுவதில்லை. நான் சாயங்காலம் டார்ச் அடித்துக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். முட்டைக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.

இன்னொன்று படித்தேன், உடனே உன் ஞாபகம்தான். உங்கள் வாசலில் சிவப்பாகப் பூக்குமே அமரில்லிஸ், அதன் சரியான பேர் ஹிப்பியாஸ்ட்ரம், தென் அமெரிக்கச் செடி. அதில் இரண்டு வகையைச் சேர்த்து முதல் கலப்பு வகையை உண்டாக்கினவர் ஆர்தர் ஜான்சன். இங்கிலாந்தில் பிரெஸ்காட் என்கிற ஊர், வருஷம் 1799. அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கடிகாரம் செய்கிறவர்! டவுன்ஹால் ரோட்டுக் கடிகாரக் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அந்தக் குட்டி லென்ஸோடு அண்ணன் பூவுக்குள் எட்டிப் பார்ப்பாரே, நாம் இரண்டு பேரும் சிரிப்போமே. இதைப் படித்தபோது அவர் இருந்திருந்தால் என்று தோன்றியது. அந்த ஜான்சன் கிழங்குகளை லிவர்பூல் தாவரத் தோட்டத்துக்கும் கொடுத்து வைத்திருந்தாராம். பிற்பாடு அவருடைய கண்ணாடிக் குடில் அழிந்துபோனது. கொடுத்தது மட்டும் பிழைத்தது.

பால்கனியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தால் சொல், மழை லில்லியும் அனுப்புகிறேன். அகலமான தட்டுத் தொட்டியில் ஐம்பது கிழங்கை நெருக்கி வைத்தாலும் அடங்கும். மழை பெய்த மூன்றாம் நான்காம் நாள் ஒரே நேரத்தில் பூத்துத் தள்ளும், ஒன்றிரண்டு நாளில் வாடிவிடும். பால்கனியில் மழை விழாது என்பாய். மூன்று வாரம் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, பிறகு இரண்டு நாள் தொடர்ந்து தொட்டி வழிய ஊற்று, பெரும்பாலும் ஏமாந்துவிடும்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. என் வலது முட்டி படியேறும்போது மட்டும் பேசுகிறது. உங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேப்பமரத்தை மட்டும் விட்டிருக்கிறார்களாம், காய்கறிக்காரம்மா சொன்னது.

கோபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் திட்டிவிடு. ஆறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டு.

அன்புடன்,
தமயந்தி

பி.கு.: பெரிய கிழங்கின் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன். அதுதான் அண்ணன் வைத்தது.