கறுப்பிக்காக ஓடித்திரிஞ்ச எல்லாருக்கும்

நேற்றுப் பின்னேரம் எங்கட நாய் கறுப்பி உப்புவெளிக் கடற்கரையில நாலு காலாலயும் ஓடினவள். அதைப் பார்த்திட்டு வந்த கையோட எழுதுறன், பிழை கிடந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் நன்றி பேராதனை மிருக வைத்திய ஆஸ்பத்திரியில ஸ்கான் பண்ணின டொக்டர் பிள்ளைக்கு. பின்தொடையில தேசிக்காய் அளவுக்குக் கட்டி வந்தநேரம் நான் காட்டின முதல் இடத்தில (பேர் வேண்டாம்) அமத்திப் பார்த்திட்டு கொழுப்புக்கட்டி, விடுங்கோ எண்டவை, நானும் நாலு மாசம் விட்டிட்டன், அந்தக் கோவம் எனக்கு என்னிலயும் இருக்கு. பேராதனையில சின்னத் துண்டு எடுத்து லாப்புக்கு அனுப்பினபிறகுதான் சார்கோமா எண்ட சதைப் புற்றுநோய் எண்டு தெரிஞ்சுது. இந்தச் சனியன் கைக்கு உருண்டையாத் தட்டுப்பட்டாலும் சுத்திவர வேர் விட்டிருக்குமாம், அதால 2, 3 சென்டிமீட்டர் நல்ல சதையையும் அடியில ஒரு சவ்வையும் சேர்த்து வெட்டோணும், தொடையில அவ்வளவு இடம் இல்லாட்டிக் காலையே எடுக்கோணும். அந்தப் பிள்ளைதான் அல்ட்ராசவுண்டில பார்த்து கட்டி எலும்பில ஒட்டேல்ல, பெரிய இரத்தக்குழாயும் விலகித்தான் இருக்கு எண்டு காட்டி, தோலில பேனையால கோடும் போட்டுக் குடுத்தவ. நுரையீரலுக்குப் போயிருக்கோ எண்டு நெஞ்சை மூண்டு பக்கத்தால எக்ஸ்ரேயும் எடுத்தவை, இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஸ்கானை விளங்கப்படுத்தவே தேவைப்படேல்ல. "வள்ளத்தில மீன் பாக்கிற மெசின்தானே தம்பி, சத்தம் போய்த் திரும்பி வாறது" எண்டார். கறுப்பி சோறு தொடாமக் கிடந்த நாளெல்லாம் சூடை மீன் அவிச்சுக் கொண்டுவந்ததும் அவர்தான்.

ஒப்பரேசனில வெட்டின துண்டின்ட ஓரத்துக்கு மை பூசி லாப்புக்கு அனுப்புவினம், மை பட்ட இடத்தில புற்றுக்கலம் இருந்தா உள்ளுக்கும் மிச்சம் கிடக்கெண்டு அர்த்தம். ரிப்போட் வர 12 நாள், நித்திரை இல்லை. அமெரிக்காவில நாய்களுக்கு ஓசிடி (OCT) எண்டு ஒரு ஸ்கானைப் பரிசோதிச்சுப் பார்த்திருக்கினமாம், சத்தத்துக்குப் பதிலா வெளிச்சம், கண் ஆஸ்பத்திரியில விழித்திரை பாக்கிற அதே சங்கதிதான், 1, 2 மில்லிமீட்டர் ஆழம்தான் தெரியும் ஆனா ஒப்பரேசன் நடக்கேக்கயே ஓரத்தைப் பாத்திடலாம் எண்டு டொக்டர் சொன்னவ. அது எங்கட பக்கம் வந்திருந்தா அக்கா பத்திரகாளி அம்மனுக்கு இத்தனை நேர்த்தி வைச்சிருக்க மாட்டா. அக்காவுக்கும் நன்றி, அம்மனுக்கும். ஓரம் சுத்தம் எண்டுதான் ரிப்போட் வந்தது.

வான் அண்ணை, நாயை பஸ்ஸில ஏத்த மாட்டினம் எண்டு விடிய மூண்டு மணிக்கு வந்து நிண்டீங்கள், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எல்லாம் தாண்டி மாத்தளைக்குக் கிட்ட அவள் சீற்றிலேயே சத்தி எடுத்தும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல, டீசல் காசுக்கு மேல வாங்கவும் இல்லை. மூண்டு மாசத்தில திரும்ப எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருக்கினம். இந்தமுறை பழைய சாரம் ரெண்டு நானே விரிக்கக் கொண்டுவாறன்.